கேமஃப்ளாஜ்: வேடம் போட்ட சொல்

பிரெஞ்சில் 'கமுஃப்ளே' என்றால் மாறுவேடம் போடுவது. பாரிஸின் கொச்சைவழக்கில் புழங்கிய இந்த வினைச்சொல்லுக்கு ராணுவ அந்தஸ்து கொடுத்தது முதல் உலகப்போர்.

1914இல் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் காற்சட்டையோடுதான் களத்தில் இறங்கியது. எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கு அதைவிட எளிய குறி கிடையாது. அடுத்த ஆண்டே வெளிர்நீலச் சீருடை வந்தது. கிராண்ட் தெ செவோலா என்ற ஓவியரின் தலைமையில் 'கேமஃப்ளாஜ்' பிரிவும் அமைந்தது. அதன் சின்னம் பச்சோந்தி!

ஓவியர்களும் நாடக அரங்கக் கலைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் செய்ததில் போலி மரம் அபாரமானது. குண்டடிபட்டு மொட்டையாக நிற்கும் ஒரு மரத்தை அச்சு அசலாக வரைந்துகொள்வார்கள். அதே வடிவில் எஃகுக் கவசத்தோடு உள்ளீடற்ற மரம் ஒன்று செய்வார்கள். இரவோடு இரவாக அசலை வெட்டிவிட்டுப் போலியை நட்டுவிடுவார்கள். உள்ளே ஏறி நிற்கும் வீரர் எதிரியின் பதுங்குகுழியை வேவு பார்ப்பார்.

போர் முடிவதற்குள் சொல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. தமிழில் 'உருமறைப்பு' என்கிறோம். மூலச்சொல்லின் பொருளைச் சிந்தாமல் சிதறாமல் தரும் நல்ல ஆக்கம் அது, தயங்காமல் பயன்படுத்தலாம்.