தாத்தாவுக்கு ஏறாத உப்பு பேரனுக்கு ஏறுவது ஏன்?



உப்புக்காகச் சிறைக்குப் போனவர் நம் மாவட்டத்துக்காரர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தார். அந்த உப்புச் சத்தியாகிரகத்தில் சேர்ந்ததற்காகத்தான் விருதுநகர் காமராஜர் முதன்முறையாகச் சிறை சென்றார். ஏழைக்கும் உப்பு தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அன்றைய போராட்டம். இன்று தூத்துக்குடி உப்பு நம் ஊர் வழியாகவே மதுரைக்குப் போகிறது. கிடைப்பதில் குறையே இல்லை. எவ்வளவு சாப்பிடலாம் என்பதுதான் இன்றைய கேள்வி.

"எங்க தாத்தா ஊறுகாயும் கருவாடுமா சாப்பிட்டார், கடைசி வரைக்கும் பிரஷர் இல்லை" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியிருக்கவும் கூடும். அது பொய்யில்லை. ஆனால் அது தாத்தாவின் உடம்பு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு முக்கால் நூற்றாண்டு ஆனது.

1904இல் பாரிஸில் அம்பார்ட், போஜார்ட் என்ற இரு மருத்துவர்கள், நோயாளிகளின் உப்பைக் கூட்டினால் ரத்த அழுத்தம் ஏறுவதையும் குறைத்தால் இறங்குவதையும் எழுதி வைத்தார்கள். பலர் நம்பவில்லை. 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர், கடும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு நம் சோற்றையே மருந்தாகக் கொடுத்தார். உப்பில்லாத சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். நல்ல மாத்திரைகள் வராத காலம் அது. பலருக்கு அழுத்தம் இறங்கியது. சிலருக்கு அசையவே இல்லை.

அந்தச் சிலர் யார் என்ற கேள்விக்கு எலிகள் வழி காட்டின. லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனி கொடுத்தார். சிலவற்றுக்கு அழுத்தம் எகிறியது, சிலவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறியவற்றை ஏறியவற்றோடும், ஏறாதவற்றை ஏறாதவற்றோடும் இனம் சேர்த்தார். சில தலைமுறைகளில் இரண்டு தனி வம்சங்கள் உருவாகிவிட்டன. 1962இல் இதை வெளியிட்டார். உப்பைத் தாங்கும் தன்மையில் பரம்பரைக்கும் பங்குண்டு என்பது தெளிவானது.

1978இல் கவாசாகி குழுவினர் மனிதர்களிடம் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் உள்ள 19 பேருக்கு ஒரு வாரம் மிகக் குறைந்த உப்பு, அடுத்த வாரம் நாளுக்குச் சுமார் 15 கிராம். ஒரே சாப்பாடுதான், ஆனால் சிலருக்கு நன்றாக ஏறியது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 1986இல் வைன்பெர்கர் குழு கணக்கிட்டபோது, ரத்த அழுத்தக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும், அழுத்தம் இல்லாதவர்களில் கால்வாசிப் பேரும் உப்புக்கு எளிதில் ஏறும் உடம்புக்காரர்கள்.

காரணம் பெரும்பாலும் சிறுநீரகத்தில் இருக்கிறது. கூடுதல் உப்பைச் சட்டென்று வெளியேற்றும் சிறுநீரகம் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. வயது கூடக் கூடவும், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ வந்தாலும், இந்தத் தன்மை அதிகமாகிறது. இருபதில் தாங்கிய உடம்பு ஐம்பதில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

நாம் எந்த வகை என்று வீட்டில் கண்டுபிடிக்க எளிய சோதனை எதுவும் கிடையாது. ஆகவே தாத்தாவை நம்பிப் பயனில்லை. அளவைத்தான் நம்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. 2007இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் சராசரி 8.5 கிராமாக இருந்தது. குழம்பில் போடுவதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, நாம் விரும்பும் சாத்தூர் சேவு எல்லாமே சேரும். கல்லுப்பும் இந்துப்பும் விதிவிலக்கல்ல, அவையும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ரத்த அழுத்தம் ஏறினாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது, வலிக்காது. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். அடுத்த இதழ் வருவதற்குள் உங்கள் வீட்டில் எல்லோருடைய அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 140/90ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.