கோடிக்கரை உள்ளானும் கோலாலம்பூர் விஞ்ஞானியும்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேமரன் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளியிருக்கும் தேயிலைச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியாது. தோட்டப்புறமே உறங்கும் அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஒரு பெரும் பயணம் நடந்துகொண்டிருக்கும். வடக்கே குளிர் தொடங்கியதும் புறப்பட்ட பறவைகள், தித்திவங்சா மலைத்தொடரை இரவோடு இரவாகக் கடந்து தெற்கே போகும். காட்டுப் பறவைகள் மட்டுமல்ல, சதுப்பு நிலத்தையே நம்பி வாழும் குருகு, காணாங்கோழி இனங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நம் மக்கள் அந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கத் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த வான்வழி பழக்கத்தில் இருக்கிறது.

பனிமூட்டத்தில் வழி தடுமாறும் பறவை விளக்கைத் தேடி வரும். இதே மலைத்தொடரில் தெற்கே உள்ள பிரேசர் மலையில், 1960களில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். விளக்கொளியில் மெல்லிய வலை கட்டி, சிக்கிய பறவையை எடை போட்டு, காலில் எண் பொறித்த வளையம் ஒன்றை மாட்டிப் பறக்கவிட்டார்கள். மெட்வே பிரபு, டேவிட் வெல்ஸ் ஆகிய இருவரும் இதில் முக்கியமானவர்கள். 1976-ல் வெளிவந்த மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய நூலின் ஐந்தாம் தொகுதி இவர்கள் எழுதியதுதான்.

சரி, பறவைக்கு வளையம் மாட்டப் பணம் கொடுத்தது யார்? அமெரிக்க ராணுவம்! ராணுவத்துக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? விடை தெரிய வேண்டுமானால் மலேசியாவை விட்டுக் கர்நாடகக் காட்டுக்குப் போக வேண்டும்.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. விறகு பொறுக்கப் போனவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. பூனா வைரஸ் ஆய்வு மையத்தார் விரைந்து சென்று நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தனர். அது உண்ணி கடிப்பதால் பரவும் வைரஸ். ஆச்சரியம் என்னவென்றால், ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸுக்கு அது நெருங்கிய உறவாக இருந்தது. ரஷ்யாவின் கிருமி மைசூர்க் காட்டுக்கு எப்படி வந்தது? ஆண்டுதோறும் அங்கிருந்து இங்கே வருவது வலசைப் பறவைதானே! அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு உண்ணி வந்திருக்குமோ என்று சந்தேகம் பிறந்தது.

உலக சுகாதார நிறுவனம் உதவிக்கு வந்தது. 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. பறவைகளைப் படிக்கப் பணமில்லாமல் தவித்த கழகத்துக்கு நோய் பயத்தால் பணம் வந்தது என்பதே உண்மை.

சந்தேகம் இந்தியாவோடு நிற்கவில்லை. எலியட் மெக்ளூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி அப்போது கோலாலம்பூரில் இருந்தார். கோம்பாக் காட்டில் உயர்ந்த மரமொன்றின் மேல் மேடை கட்டி, உச்சிக் கிளைப் பறவைகளைக் கவனித்தவர் அவர். 1963-ல் ஆசிய நாடுகள் பலவற்றை இணைத்து, வலசை விலங்குகளின் நோய்களை ஆராயும் மாபெரும் திட்டம் ஒன்று அவர் பொறுப்பில் தொடங்கியது. ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, இந்தியா எனப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். 1971-ல் திட்டம் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகளின் காலில் வளையம் ஏறிவிட்டது. பிரேசர் மலை வலைகளும் இந்தத் திட்டத்தைச் சேர்ந்தவைதான்.

இந்தியாவில் இந்த வேலைக்கு வாய்த்த அருமையான இடங்களில் ஒன்று நம் தமிழகத்தின் கோடிக்கரை. சோழ நாட்டுக் கடற்கரை வளைந்து திரும்பும் முனை. பின்னால் மைல் கணக்கில் வேதாரண்யம் சதுப்பு நிலம். வடகிழக்குப் பருவமழை பெய்ததும் உப்புநீரும் நல்ல நீரும் கலந்து, சேற்றில் புழுவும் பூச்சியும் பெருகும். அதைத் தின்னத்தான் லட்சக்கணக்கில் உள்ளான்கள் இறங்கும். கடற்கரைப் பறவைகளுக்குக் கோடிக்கரை எவ்வளவு பெரிய புகலிடம் என்று 1963-லேயே சாலிம் அலி கழகத்தின் இதழில் எழுதினார். 1967-ல் அது சரணாலயமானது.

அங்கே பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பீகாரின் மிர்ஷிகார்கள். பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றே பிழைத்தவர்கள். இறகு ஒன்றுகூட உதிராமல் உள்ளானைக் கண்ணியில் பிடிக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. அலி ஹுசைன் என்ற மிர்ஷிகார் இதில் பெயர் பெற்றவர். பட்டம் படித்த மாணவர்கள் அவர்களிடம்தான் பாடம் கேட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் இந்தப் பெயர்கள் இடம்பெறுவது அபூர்வம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நிலையில் 1974-ல் புயல் கிளம்பியது. அந்நியப் பணத்தில் இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் கிருமிப் போருக்கான ஒத்திகையா என்று பத்திரிகைகள் கேட்டன. டெல்லியில் நடந்த கொசு ஆய்வோடு பறவை ஆய்வும் மாட்டிக்கொண்டது. ஜோதிர்மய் பாசு தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975 ஏப்ரலில் தந்த அறிக்கை கடுமையாக இருந்தது. எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது, எதைச் சுமந்து போகிறது என்ற தகவல் ராணுவத்துக்குப் பயன்படாதா என்பதே குழுவின் கவலை. வியட்நாம் போர் நடந்த காலம் அது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் சேற்றில் நின்று உள்ளானின் இறக்கையை அளந்துகொண்டிருந்த இளைஞர்கள் ஒற்றர்கள் போலப் பார்க்கப்பட்டது பரிதாபம்.

ஆரம்பச் சந்தேகம் என்ன ஆயிற்று? கியாசனூர் காய்ச்சலைப் பறவைகள் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்தன என்பது நிரூபிக்கப்படவே இல்லை. நோய் காட்டு உண்ணியிலும் குரங்கிலும் சிற்றெலிகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1980களில் கோடிக்கரையில் மீண்டும் முகாம் கூடியது. இம்முறை நோய் பற்றிய பேச்சு பின்னால் போய், பறவையின் வாழ்க்கையே முதல் பாடமானது. சாலிம் அலியிடம் பயிற்சி பெற்ற எஸ். பாலச்சந்திரன், மண்டபத்தையும் அதை அடுத்த தீவுகளையும் சேர்ந்த கடற்கரைப் பறவைகளை ஆராய்ந்து 1990-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சுமார் 20 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் வடதுருவ ஓரத்திலிருந்து இங்கே வந்து, திரும்பும் முன் எவ்வளவு கொழுப்புச் சேர்க்கிறது, எந்த மாதம் இறகு உதிர்க்கிறது, சென்ற ஆண்டு வந்த அதே பறவை இந்த ஆண்டும் அதே சேற்றுக்கு வருகிறதா என்றெல்லாம் பதிவேடுகள் நிரம்பின. வளையத்தில் இருப்பது ஒரு எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வாசகமும்தான். அந்த எண்ணைத் திரும்பப் படித்தால்தான் கணக்குப் புரியும்.

அந்தக் கணக்கு நல்ல சேதி சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரையில், குறிப்பாகக் கோடிக்கரையில், உள்ளான்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று பாலச்சந்திரன் 2006-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். சதுப்பு நிலத்தில் தொழில்முறை உப்பளங்கள் விரிந்ததை அவர் சுட்டிக்காட்டினார். வேதாரண்யத்துக்கு உப்பு புதிதல்ல. 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அது. ஆனால் கடல்நீரை இயந்திரத்தால் ஏற்றி, பாத்தி பாத்தியாகக் காய்ச்சும்போது மழைநீரும் உப்புநீரும் கலக்கும் பழைய கணக்கு கெடுகிறது. உவர்ப்பு அளவு மீறினால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் உள்ளானுக்கு அங்கே என்ன வேலை? 1960களிலிருந்து யாரும் எண்ணாமல் விட்டிருந்தால், பறவை எப்போதுமே இவ்வளவுதான் என்று இன்று வாதாடியிருப்பார்கள்.

மலேசியாவிலும் வேலை நிற்கவில்லை. 1983-ல் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு கடற்கரைப் பறவைகளுக்கான ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கி, பின்னர் ஆசியச் சதுப்பு நிலக் கழகமாக வளர்ந்தது. 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். பேராவின் கோலா குலா சேற்றுக்கரையிலும் வேதாரண்யம் சதுப்பு நிலத்திலும் ஏறத்தாழ அதே நாட்களில் தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமும் கையில் எடுத்து நிற்பவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு.