முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம்

சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் வாசனைதான். கல்லில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை தேய்த்து, சொடக்கு எடுத்து அனுப்புவார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் யாராவது ஒரு பையனின் முழங்காலைப் பிடித்து அமுக்குவதைப் பார்த்தால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். காரணம் என்னோடு தென்காசியில் படித்த ஒருவன்.

1983. நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. அவன் கபடியில் கில்லாடி. ஒருநாள் விளையாடிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தான். முழங்காலுக்குச் சற்று மேலே லேசான வீக்கம். "சுளுக்குதாம்ல, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றாள் அவன் ஆச்சி. எண்ணெய் போட்டு நீவினார்கள். போகவில்லை. முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டுப் போட்டார்கள். வலி ராத்திரியில்தான் அதிகம், தூங்க விடவில்லை என்று சொல்வான். மூன்று மாதம் இப்படியே ஓடியது. பிறகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் புற்றுநோய், காலை எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வந்தான். அடுத்த வருஷம் இருமல் வந்தது. அதோடு போய்விட்டான்.

கால்தான் இல்லையே, அப்புறம் எப்படிச் செத்தான்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னோடு இருந்தது. கூடவே இன்னொன்றும்: அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியுமா? இதற்காக வாசித்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவனுக்கு வந்தது பெரும்பாலும் ஆஸ்டியோசர்கோமாவாகத்தான் இருக்கவேண்டும். அரிதான நோய். ஆனால் வந்தால், பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் வருவதே அதிகம். உடம்பு வேகமாக வளரும் காலம் அது. அதிலும் முழங்காலைச் சுற்றிய எலும்புமுனைகள்தான் மிக வேகமாக வளர்பவை. அதனால் நோய்க்கும் பிடித்த இடம் அதுவே. விளையாடும் பிள்ளைகளின் முழங்கால் என்பதால் எல்லோரும் அடிபட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள்.

முதல் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும்போதே, பெரும்பாலானவர்களுக்கு நோயின் நுண்ணிய துகள்கள் ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத அளவுக்குச் சின்னவை. காலை வெட்டிய கத்தி அங்கே எட்டாது. 1970க்கு முன்னால் காலை எடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். என் நண்பனின் இருமல் இதுதான்.

காலைக் காப்பாற்றும் கதை இதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1940ல் அமெரிக்காவில் ஆஸ்டின் மூர், ஹரோல்ட் போல்மன் என்ற இரண்டு மருத்துவர்கள், தொடை எலும்பின் மேல்பகுதியைக் கட்டி தின்றுவிட்ட ஒருவருக்கு, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்தில் செய்த எலும்பைப் பொருத்தினார்கள். சில வருஷங்கள் கழித்து இங்கிலாந்தில் ஸ்டான்மோர் மருத்துவமனையும் இதில் இறங்கியது. ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்து, தையல்காரர் சட்டை தைப்பதுபோல, எலும்பைப் பட்டறையில் செய்தார்கள்.

ஆனால் ஒரு வருஷத்தில் இறந்துவிடப்போகிற பிள்ளைக்கு உலோகக் கால் எதற்கு? இந்தக் கேள்விக்கு 1970களின் தொடக்கத்தில்தான் விடை வந்தது. மெத்தோட்ரெக்ஸேட், அட்ரியாமைசின் போன்ற மருந்துகள் இந்த நோயைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல் வருவது. நியூயார்க்கில் ஜெரால்ட் ரோசன் என்ற மருத்துவர் இருந்தார். உலோக எலும்பைச் செய்து வாங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க முடியுமா? அந்த இடைவெளியில் கீமோதெரபி கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு எடுத்த எலும்பைச் சோதித்தால், பலரிடம் கட்டி பெருமளவு செத்துப்போயிருந்தது. எவ்வளவு செத்திருக்கிறது என்பதை வைத்தே நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்றும் தெரிந்தது. முதலில் மருந்து, அப்புறம் அறுவை, மறுபடி மருந்து என்ற இன்றைய வரிசை இப்படித்தான் பிறந்தது. பட்டறைக்காரர் எடுத்துக்கொண்ட நேரம் மருத்துவத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது.

1986ல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. ஒன்று, அறுவையோடு மருந்தும் கொடுத்தால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு நோய் திரும்பாதவர்கள் 66 சதவீதம், மருந்து இல்லாவிட்டால் 17 சதவீதம் என்றது. இன்னொன்று, முழங்காலுக்கு மேலே நோய் வந்த 227 பேரை ஆராய்ந்து, காலைக் காப்பாற்றியதால் உயிருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றது. காலை வைத்துக்கொள்ளச் சொல்லும் தைரியம் உலகத்துக்கு அங்கிருந்துதான் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து உலோக எலும்பை வரவழைக்க நம் ஜனங்களால் முடியாது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பேராசிரியராக இருந்த மயில்வாகனன் நடராஜன், 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்த வேலையைக் கையில் எடுத்தார். அவருடைய அப்பா நடராஜனும் பெயர்பெற்ற எலும்பு மருத்துவர்தான். நோயாளிக்கு அளவெடுத்து, உள்நாட்டிலேயே குறைந்த செலவில் எலும்பு செய்து பொருத்தினார்கள். 'கஸ்டம் மெகா ப்ராஸ்தெசிஸ்' என்று இதற்குப் பெயர். காசில்லாதவர்கள் வந்து படுக்கும் ஜி.எச்.சில் இது நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். 2007ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையும் உள்நாட்டு உலோக எலும்பில் பெரிய அளவில் வேலை செய்திருக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள்? நோய் எதுவரை போயிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு அப்பால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். மிச்சமிருக்கிற எலும்பின் உள்குழாயில் உலோகத் தண்டை இறக்கி, எலும்பு சிமெண்டால் பிடிக்கவைப்பார்கள். முழங்கால் இருந்த இடத்தில் கதவுக் கீல்போல ஒரு மூட்டு வரும். நோய் கீழ்க்கால் எலும்பில் இருந்தால், கெண்டைச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து உலோகத்தை மூடுவார்கள்.

இதை வாசித்தபோது எனக்குத் தென்காசிக் கோபுரம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் படித்த காலத்தில், மேலே ஒன்றும் இல்லாமல் நின்ற கோபுரம்தான் எங்களுக்குப் பழக்கம். கீழே பாண்டியர் காலத்துக் கல் அப்படியே இருக்க, அதன்மேல் புதிதாக எழுப்பி, ஒன்பது நிலையோடு 1990ல் குடமுழுக்கு நடந்தது. பழசும் புதுசும் சேருகிற இடம்தான் முக்கியம். காலிலும் அப்படித்தான். தண்டு தளர்வதும் உடைவதும் அந்த இடத்தில்தான். கிருமி புகுந்துவிட்டால் எல்லாவற்றையும் எடுக்கவேண்டியதும் உண்டு.

கால் கிடைத்தாலும் பழைய கால் திரும்பாது என்பதையும் சொல்லவேண்டும். தரையில் சம்மணம் போட முடியாது. குத்தவைத்து உட்கார முடியாது. நம் ஊர் கழிப்பறையும் பந்திச் சாப்பாடும் அவர்களுக்குச் சிரமம். ஓட்டம், குதி வேண்டாம் என்பார்கள். சின்னப் பிள்ளையென்றால் மற்றக் கால் வளர வளர இதையும் நீட்டவேண்டும். சில குழந்தைகளுக்கு வேறொரு வழி உண்டு. நோயுள்ள முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்பக்கமாகத் திருப்பித் தொடையோடு சேர்ப்பார்கள். அப்போது கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும், அதில் செயற்கைக் காலை மாட்டி ஓடலாம். முழங்கால் காசநோய்க்காக 1927லேயே போர்க்ரேவ் என்ற ஜெர்மானியர் செய்த முறை இது. 1970களில் வியன்னாவில் எலும்புக் கட்டிக்குப் பயன்படுத்தினார்கள். பார்க்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் விளையாடத் துடிக்கும் பிள்ளைக்கு உழைக்கும் கால்.

இப்போது என் இரண்டாவது கேள்வி. 1983ல் அவன் காலைக் காப்பாற்றியிருக்க முடியுமா? மருந்து உலகத்தில் இருந்தது. ஆனால் அது முடிவாக நிரூபணமானது மூன்று வருஷம் கழித்து. சென்னையில் உலோக எலும்பு வந்தது அதற்கும் பிறகு. ஆக, காலத்தைக் குற்றம் சொல்லலாம். ஆனால் அந்த மூன்று மாதம் காலத்தின் குற்றமில்லை. அது எங்களுடையது. ஒரு எக்ஸ்ரே எடுக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்குத் தென்காசியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஆரியங்காவு தாண்டினால் திருவனந்தபுரம் புற்றுநோய் மையம், 2009க்குப் பிறகு அரசு காப்பீட்டுத் திட்டமும் வந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒரே தடை அந்த மூன்று மாதம்தான். ஆகவே வாசிக்கிறவர்களுக்கு மூன்றே விஷயம். வளரும் பிள்ளைக்கு முழங்கால் பக்கத்தில் வீக்கம் சில வாரத்தில் வற்றாவிட்டாலும், ராத்திரி வலி எழுப்பினாலும், முதலில் எக்ஸ்ரே. அதுவரை நீவவோ கட்டவோ வேண்டாம், கட்டியைப் பிசைவது நோயைச் சிதறடிக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சந்தேகம் என்றால், சதை எடுத்துச் சோதிப்பதை, பின்னால் அறுவை செய்யப்போகிற இடத்திலேயே செய்யவேண்டும். 1982ல் அமெரிக்காவில் மேன்கின் என்ற மருத்துவர் 329 பேரைப் பார்த்ததில், சதை எடுத்துச் சோதித்ததில் நேர்ந்த பிரச்சினைகளாலேயே, எடுக்கத் தேவையில்லாத கை கால்களை 4.5 சதவீதம் பேர் இழந்திருந்தார்கள்.

போன சீசனில் ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணாச்சி, சின்னப் பையன் முட்டு வீங்கி வந்தான்னா தேய்ப்பீங்களா?" என்றேன்.

"அடிபட்ட வீக்கம் கைக்குத் தெரியும் சார். இது கல்லு மாதிரி இருக்குன்னா தொடவே மாட்டேன். போய்ப் படம் எடுத்துட்டு வாங்கம்பேன். காசு போனாப் போவுது" என்றார்.

1983ல் எங்களுக்கு இப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம்.