பிச்சாவரத்து வாய்க்கால்கள்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்து, அத்தலத்தின் ஸ்தல விருட்சமாகவும் போற்றப்படுகிற தில்லை மரத்தை அதன் இயற்கையான வாழ்விடத்திலேயே காண விரும்புவோர், கோயிலை விட்டுக் கிழக்கே சென்று, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்து கிடக்கும் பிச்சாவரம் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு கூற்றையும் அடியோடு வெட்டி எடுக்கும் ஏற்பாட்டை ஆங்கிலேயர் காலத்து வனத்துறை தொடங்கிவைக்க, சுதந்திரத்திற்குப் பின்னரும் 1970கள் வரை அது தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே தழைத்துவிடும் என்பது உத்தியோகஸ்தர்களின் கணக்கு. தழைக்கவில்லை. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் ஈரம் வற்றி உள்வாங்கித் தொட்டிபோல் பள்ளமாகிவிட, ஓதம் ஏறும்போது புகுந்த உவர்நீர், ஓதம் வடியும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் மண்ணில் விட்டுச்சென்றது. அந்த உப்பில் எந்த விதைதான் பிழைக்கும்? ஆயினும் பழி என்னவோ விறகு பொறுக்கிய ஏழையின் மீதும் அவன் மாட்டின் மீதுமே நெடுநாள் சுமத்தப்பட்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையையும் சுற்றுக் கிராமத்தாரையும் ஒன்றுசேர்த்து மேற்கொண்ட பிரயத்தனம், நோயின் மூலத்தையே நாடிச் சென்றது. மீன்முள்ளின் வடிவில் நடுவே ஒரு பெருவாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்களும் வெட்டப்பட்டு, ஓதநீர் தடையின்றி வந்துபோகத் தொடங்கிய பின்னரே வெண்கண்டல் கன்றுகள் வேர்பிடித்தன. மண்வெட்டி பிடித்தவர்களும் கன்று நட்டவர்களும் கிராமத்தாரே. அவர்களுள் இருளர்கள், பழங்குடிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் அலைந்தவர்கள். படகும் வலையும் இல்லாமல், கழுத்தளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து ஜீவித்தவர்கள். காட்டின் நிழலில்தான் இறால்குஞ்சு வளரும் என்பதை எந்த நிபுணரும் அவர்களுக்குப் போதிக்கவேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டுக்குப் பின்னாலிருந்த குப்பங்கள், திறந்த கரையிலிருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. அதில் மரத்தின் பங்கு எவ்வளவு, மேட்டுநிலமும் கடற்கரைத் தூரமும் செய்த உதவி எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர் விவாதித்தது நியாயமே.

2022இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் இடம்பெற்றது கௌரவந்தான். ஆனால் வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே இருப்பவை. தூர்வாராமல் விட்டால் உப்பு மீண்டும் ஏறிவிடும். அரசாங்கம் ஆண்டுதோறும் அதற்குப் பணம் ஒதுக்கி, அந்தக் கூலி வேலையை முதலில் காட்டை ஒட்டிய குப்பத்தாருக்கே கொடுக்கவேண்டும்.