பத்து கோல் அடித்தவரின் பெயர்

1912 ஜூலை 1. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் கால்பந்து ஆட்டம். இரண்டாவது நிமிடத்தில் முதல் கோல் விழுகிறது. இடைவேளைக்குள் எட்டு. முடிவில் பதினாறுக்கு பூஜ்யம். அந்தப் பதினாறில் பத்தை ஒரே ஆள் அடித்திருந்தார். பெயர் காட்ஃப்ரீட் ஃபுக்ஸ், வயது 23.

அது பதக்கத்துக்கான ஆட்டம்கூட இல்லை. இரண்டு நாள் முன்னால்தான் ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் 5-1 என்று தோற்று வெளியேறியிருந்தது. ரஷ்யாவும் முந்தின நாள் ஃபின்லாந்திடம் 2-1 என்று தோற்றிருந்தது. ஃபின்லாந்து அப்போது ஜார் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி என்பது தனிக்கதை. தோற்றவர்களுக்கென்று நடத்திய ஆறுதல் போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. ஒருநாள் ஓய்வுகூட இல்லாமல் களைத்து வந்திருந்தார்கள் ரஷ்யர்கள். இதையெல்லாம் சொல்லி அந்தப் பத்தின் மதிப்பைக் குறைக்கலாம். ஆனால் அதே களத்தில், அதே களைத்த அணிக்கு எதிராக, மற்ற ஜெர்மன் வீரர்கள் எல்லாரும் சேர்ந்து அடித்தது ஆறுதான்.

சர்வதேச ஆட்டம் ஒன்றில் பத்து கோல் என்பதை அதற்கு முன் ஒருவர்தான் செய்திருந்தார்: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் சோஃபஸ் நீல்சன். இந்த எண்ணிக்கையை ஒருவர் தாண்ட 2001 ஆக வேண்டியிருந்தது. அமெரிக்கன் சமோவாவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன் பதின்மூன்று அடித்தார். ஜெர்மனிக்குள் மட்டும் பார்த்தால், கெர்ட் முல்லர், மிரோஸ்லாவ் க்ளோஸ எல்லாம் வந்துபோன பிறகும், ஃபுக்ஸின் பத்து இன்னும் அப்படியே நிற்கிறது.

யார் இந்த ஃபுக்ஸ்? 1889இல் கார்ல்ஸ்ரூஹ நகரத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் மரவியாபாரம். கார்ல்ஸ்ரூஹர் எஃப்.வி. என்ற உள்ளூர் கிளப்பின் நடு முன்கள வீரர். அவரும் ஃப்ரிட்ஸ் ஃபோர்டரரும் யூலியுஸ் ஹிர்ஷும் சேர்ந்த முன்வரிசைதான் அந்த நாட்களில் ஜெர்மனியிலேயே பயப்பட வேண்டிய முன்வரிசை. 1910இல் அந்த கிளப் ஜெர்மன் சாம்பியன் ஆனது. இன்று பன்டஸ்லிகா பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

நாட்டுக்காக ஃபுக்ஸ் ஆடியது ஆறே ஆட்டம். சராசரி, ஆட்டத்துக்கு இரண்டு கோலுக்கும் மேல். 1912 மார்ச்சில் நெதர்லாந்துடன் 5-5 என்று முடிந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் ஐந்து கோலுமே இந்த இரண்டு நண்பர்களுடையவை. ஹிர்ஷ் நான்கு, ஃபுக்ஸ் ஒன்று. இருவரும் யூதர்கள். ஜெர்மன் ஆண்கள் தேசிய அணிக்கு ஆடிய யூதர்கள் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுவதும் இந்த இருவர்தான்.

1914இல் போர் வந்தது. இருவரும் ஜெர்மன் ராணுவத்தில் சண்டை போட்டார்கள். இருவருக்கும் இரும்புச் சிலுவை விருது கிடைத்தது. ஹிர்ஷின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் களத்திலேயே செத்துப்போனார். நாட்டுக்காக இதைவிட என்ன செய்துகாட்ட முடியும்?

1933 ஏப்ரலில் தெற்கு ஜெர்மனியின் பதினான்கு பெரிய கிளப்புகள் கூடி ஒரு அறிக்கை விட்டன. யூதர்களை விளையாட்டுக் கழகங்களிலிருந்து நீக்கும் விஷயத்தில் புதிய ஆட்சியோடு ஒத்துழைப்போம் என்பது அதன் சாரம். ஹிட்லர் பதவிக்கு வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. கையெழுத்திட்ட கிளப்புகளில் கார்ல்ஸ்ரூஹர் எஃப்.வி.யும் உண்டு. ஹிர்ஷ் இதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். துரத்தும்வரை காத்திருக்காமல், தன் கிளப்புக்குத் தானே விலகல் கடிதம் எழுதினார். இன்று எல்லாரும் வெறுக்கிற இந்த யூதர்களிலும் நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அதில் நினைவூட்டினார்.

பிறகு இருவரின் பெயர்களும் தேசிய வீரர்களின் பட்டியல்களிலிருந்து காணாமல்போயின. பத்து கோலை என்ன செய்வது? 16-0 என்ற முடிவை அழிக்க முடியாது, அடித்தவரின் பெயரை மட்டும் அழிக்கலாம். அதைத்தான் செய்தார்கள்.

ஃபுக்ஸ் 1937இல் நாட்டை விட்டுக் கிளம்பினார். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், கடைசியில் 1940இல் கனடா. மான்ட்ரியலில் காட்ஃப்ரே ஃபாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். ஹிர்ஷ் போகவில்லை. மனைவி யூதர் அல்லாதவர். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டி விவாகரத்து வரைக்கும் போனார். 1943 மார்ச் 1 அன்று கார்ல்ஸ்ரூஹவிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டார். வழியிலிருந்து மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதி அஞ்சலட்டை ஒன்றை அனுப்பினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

இனி 1972. மியூனிக்கில் புதிய ஒலிம்பிக் மைதானம் திறக்கப்போகிறது. திறப்பு ஆட்டம் மேற்கு ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும். ஸெப் ஹெர்பெர்கருக்கு ஒரு யோசனை வந்தது. 1954இல் உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர் அவர். சிறுவயதில் ஃபுக்ஸின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியவர். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, ஹிட்லர் காலத்திலும் தேசிய அணியை நடத்தியவரும் அவரேதான்; அதை மறைக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் ஃபுக்ஸோடு கடிதத் தொடர்பில் இருந்தார். அறுபது வருடத்துக்கு முன் ரஷ்யர்களுக்கு எதிராகப் பத்து கோல் அடித்தவரை இந்த ஆட்டத்துக்கு விருந்தினராக அழையுங்கள், நாம் செய்த அநியாயத்துக்கு ஒரு சின்னப் பரிகாரமாக இருக்கும் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினார்.

சங்கம் மறுத்துவிட்டது. ஒருவரை அழைத்தால் அது முன்னுதாரணம் ஆகிவிடும், பின்னாளில் செலவு கூடும், நிதிநிலை சரியில்லை என்பவை காரணங்கள். யூத வெறுப்போடு ஒரு வார்த்தையும் அதில் இல்லை. வெறும் அலுவலக மொழி. முன்னுதாரணமாம்! தேசிய அணிக்கு ஆடிய யூதர்களே இரண்டு பேர். அதில் ஒருவர் ஆஷ்விட்ஸில் போய்விட்டார். இன்னும் எத்தனை பேர் டிக்கெட் கேட்டு வந்துவிடப் போகிறார்கள்?

மறுப்பு முடிவானது மார்ச் மாதம். ஃபுக்ஸ் பிப்ரவரி 25 அன்றே மான்ட்ரியலில் இறந்துபோயிருந்தார். மே 26 அன்று மைதானம் திறந்தது. ஜெர்மனி 4-1 என்று வென்றது. நான்கையும் கெர்ட் முல்லர் அடித்தார்.

2005இலிருந்து ஜெர்மன் கால்பந்துச் சங்கம் இனவெறிக்கு எதிராக வேலை செய்கிறவர்களுக்கு யூலியுஸ் ஹிர்ஷ் பெயரில் பரிசு வழங்குகிறது. நல்ல விஷயம்தான். ஃபுக்ஸின் பெயரும் சாதனைப் பட்டியலில் இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிட்டது. எண்ணைத் திருப்பி எழுத ஒரு பேனா போதும். 1972இல் கேட்டது ஒரு விமான டிக்கெட்டும் மைதானத்தில் ஒரு நாற்காலியும்தான்.