பங்குனி ஆமைக்குக் காவல் நடந்தவர்கள்

நம்ம செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்குப் பல்லவர் சிற்பங்கள் மட்டும் பெருமை அல்ல. அந்தச் சிற்பங்களுக்கும் மூத்த விருந்தாளி ஒருத்தி இங்கே உண்டு. அவள்தான் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுவாள்.

நாயும் மனிதனும் அந்த முட்டைகளை விட்டுவைப்பதில்லை. அதனால் 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையோரம் இரவு நடை தொடங்கினர். தடம் பார்த்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தார்கள். 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை அமைத்தவரும் அவர்தான். 1988 முதல் அந்தப் பொறுப்பை மாணவர்களே ஒரு அமைப்பாகச் சேர்ந்து ஏற்றார்கள். சம்பளம் கிடையாது, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை நடை, காலையில் வகுப்பு!

நானும் ஒரு பருவம் அப்படி நடந்தவன். சுமார் 45 நாளில் குஞ்சு பொரிக்கும். அது வெளிச்சத்தை நோக்கி ஓடும். தெருவிளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுக்குப் போய்விடும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் சிக்கி மூச்சுமுட்டியதே முக்கியக் காரணம் என்றார்கள் வல்லுநர்கள். கரையில் நடக்க ஆள் இருந்ததால்தான் அந்தக் கணக்காவது ஊருக்குத் தெரிந்தது.

தம்பி, தங்கைகளே, சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கரையில் நடக்க உங்கள் கால்கள்தான் வேண்டும்.