பூமித் திட்டம்: கணக்கரின் ஏடும் கணினி ஆவணமும்

கர்நாடகத்தில் நில உரிமை, பயிர், குத்தகை ஆகிய விவரங்கள் அடங்கிய 'பஹணி' ஏடுகள் நெடுங்காலம் கிராமக் கணக்கர்களின் பொறுப்பில் இருந்தன. ஏறத்தாழ 9,000 கணக்கர்களிடம் பிரிந்து கிடந்த இவ்வேடுகளை மேலலுவலர்கள் முறையாகச் சரிபார்க்க இயலவில்லை. நகல் பெறுவதில் காலத்தாழ்வும் கையூட்டும் வழக்கமாயின.

2000-களின் தொடக்கத்தில் 'பூமி' திட்டம் இந்நிலையை மாற்றியது. சுமார் 67 இலட்சம் உழவர்களுக்குரிய 2 கோடி ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. 177 வட்டங்களில் அமைந்த மையங்களில் 15 ரூபாய் செலுத்தி நகல் பெற முடிந்தது. கையால் எழுதிய நகல்கள் செல்லாதவையாயின. பெயர் மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே ஆராயப்பட்டன. அலுவலரின் கைரேகைப் பதிவு ஒவ்வொரு மாற்றத்திற்கும் பொறுப்பாளரை அடையாளம் காட்டியது.

எனினும், இதனைச் சீர்திருத்தம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஊரறிந்த வாய்மொழி உடன்பாடுகளும் பிரிக்கப்படாத குடும்பப் பங்குகளும் கணினிப் படிவத்தில் எளிதில் அடங்குவதில்லை. ஆவணங்கள் மையப்படுத்தப்பட்டமை பெங்களூருவைச் சூழ்ந்த பகுதிகளில் பெருநிலம் தேடுவோருக்கே துணையாயிற்று எனச் சாலமன் பெஞ்சமின் முதலியோர் 2007-இல் வாதிட்டனர்.

கணக்கரின் ஏடு ஊழலுக்கு இடமளித்தது. ஆயினும் சிறு உழவர் நேரில் சென்று முறையிடும் தொலைவில் அது இருந்தது. எனவே, மின்னாளுகையின் வரலாற்றை எழுதுவோர் விரைவையும் வெளிப்படைத்தன்மையையும் அளப்பதோடு, ஆவணத்தின் மீதான அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.